புதுப்பிப்பு: டர்பனுக்கு என் டொயோட்டா 86 காரைக் கொண்டுவரவில்லை

வேலை மாற்றலில் சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரும்போது என் டொயோட்டா 86-ஐக் கப்பலில் ஏற்றலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். ஏற்றவில்லை, விற்றுவிட்டேன். மனசு கனத்தது உண்மை.

தென்னாப்பிரிக்காவில் பழைய கார் இறக்குமதிக்குப் பொதுவாகத் தடை. விலக்கு வேண்டுமென்றால் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் கப்பலேறும் முன்பே. புதிதாகக் குடியேறுபவர் அந்த அனுமதி வாங்க நிரந்தர வசிப்புரிமை தேவை. என்னிடம் இருப்பது வேலை விசா மட்டும். இடப்பக்க ஸ்டியரிங் கார் வைத்திருப்பவர்கள் அதை இங்கே கொண்டுவரும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, இங்கேயே ஒரு பழைய 86 தேடினேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பார்த்த முதல் கார் வெளியே பளபளத்தது. கூட வந்த பக்கத்து வீட்டு மாமா குனிந்து கதவின் அடி விளிம்பைத் தடவினார். விரலில் செம்பழுப்புத் தூள். “தம்பி, கடல் காத்து தின்ன வண்டி, வேணாம்” என்றார். அப்புறம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் ஓடிய 2013 மாடல், மேனுவல் கியர், கிடைத்தது. அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.

வெளிநாட்டவர் முதலில் போக்குவரத்துப் பதிவு எண் (Traffic Register Number; இது காரின் நம்பர் அல்ல, உங்களுக்கான எண்) வாங்குங்கள். அது இல்லாமல் கார் உங்கள் பெயருக்கு மாறாது. கார் சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழும் வேண்டும். நேற்றுதான் கார் என் பெயருக்கு மாறியது!