புதுப்பிப்பு: மூக்குப்பொடிக் குப்பியின் காலத்தைத் தவறாகக் கணித்திருந்தேன்

என்னிடமுள்ள சீனக் கண்ணாடிக் குப்பியின் அடியில் சியான்லாங் பேரரசரின் ஆட்சி முத்திரை இருப்பதை வைத்து, அது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

முத்திரையை மட்டும் நம்பியதே பிழை. முற்காலப் பேரரசர்களின் முத்திரையைப் பிற்காலப் பொருள்களில் மரியாதைக்காகவும், வெளிப்படையாகச் சொன்னால் விற்பனைக்காகவும் பொறிப்பது சீனாவில் நெடுநாள் வழக்கம். அதைவிட வலுவான சான்று ஓவியம்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, தாமரையும் வெட்டுக்கிளியும் குப்பியின் உட்புறத்தில் தீட்டப்பட்டிருப்பது தெரிந்தது. சுண்டுவிரலும் நுழையாத வாய்வழியே முனை வளைந்த தூரிகையைச் செலுத்தி, தேய்த்துச் சொரசொரப்பாக்கிய உட்சுவரில், முன்னே தெரியவேண்டிய கோடுகளை முதலிலும் பின்னணியைக் கடைசியிலுமாகத் தலைகீழ் வரிசையில் வரையும் இக்கலை 19ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. சோ லெயுவான், மா ஷாவோஷுவான் போன்ற பெய்ஜிங் ஓவியர்களின் கையில் அந்நூற்றாண்டின் இறுதியில் அது முதிர்ச்சி பெற்றது.

மூடியில் பொருத்திய சிறு கரண்டியால் பொடியை அள்ளினால் ஓவியம் உரசி அழியும் என்பதால், இத்தகைய குப்பிகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கே வைக்கப்பட்டன. என் குப்பியின் வண்ணம் சிறிதும் சிதையாமல் இருப்பதன் காரணமும் இதுவே எனக் கருதுகிறேன். பொடி மணமே இல்லையே என்று அப்போது வியந்திருந்தேன். அதற்கும் விடை கிடைத்துவிட்டது. பழைய பதிவின் தலைப்பை இன்றே திருத்திவிடுகிறேன்.