பல்ப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்தான்:
எங்கள் பக்கம் மாம்பழ சீசன் வந்துவிட்டால் பல்ப் கம்பெனி பேச்சுதான். நானும் மூன்று சீசன் அங்கே வேலை பார்த்தவன். பெங்களூரா பழத்தைப் பழுக்கவைத்து, கழுவி, கொட்டையை நீக்கி, சல்லடையில் வடித்து, சூடேற்றி, கிருமி நீக்கிய பையில் அடைத்து டிரம்மில் இறக்கினால் பல்ப். இனிப்பை பிரிக்ஸ் கணக்கில், அதாவது நூறு கிராமில் ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்ப்பார்கள். பெங்களூராவுக்குக் குறைந்தது 14, அல்போன்சாவுக்கு 16. எனக்குத் தெரிந்த பல்ப் அது ஒன்றுதான்.

போன மாதம் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சொத்தை பல்ப் வரைக்கும் போயிடுச்சுங்க. பல்பை எடுத்துடலாம்" என்றார். வலியிலும், "என்ன பல்புங்க?" என்று கேட்டுவிட்டேன். பல்லுக்கு மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மெத்தென்ற சதை. அதற்கும் பல்ப் என்றுதான் பெயராம். அதை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கேனல். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'புல்பா' என்றால் சதை. கொட்டையைச் சுற்றி இருந்தால் என்ன, பல்லுக்குள் இருந்தால் என்ன, சதை சதைதானே!

தர்மபுரி ஸ்விட்ச்:
எனக்கு எலெக்ட்ரிக்கல் கடை. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் புது நம்பரிலிருந்து, 'அண்ணா, பல்ப் 12 வேணும்'. நான், 'எத்தனை வாட்ஸ்?' அங்கிருந்து, 'வாட்ஸா? 3.1 கிலோ டின்ணா'. ஜூஸ் கடைக்காரத் தம்பி நம்பர் மாற்றி அனுப்பியிருக்கிறார். பழமும் விளக்கும் தமிழ் எழுத்தில் ஒரே 'ப'வில் வந்து நின்றால் யார்தான் என்ன செய்வது? அன்றைக்கு பல்பு வாங்கியது நான்.

ஓசூர் அம்மா:
மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். ஆரஞ்சு ஜூஸ் டப்பாவில் 'நோ பல்ப்' என்று போட்டிருந்தான். பல்ப் இல்லாமல் ஜூஸா, வெறும் சர்க்கரைத் தண்ணியை நம் தலையில் கட்டுகிறான் என்று வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் மகள் சொன்னாள், ஆரஞ்சில் மிதக்கிற சக்கைக்குத்தான் அந்தப் பெயராம்.

பழைய பேப்பர்:
நான் பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கிப் படிக்கிறவன். "அதெல்லாம் பல்ப்" என்று மகன் ஒருநாள் சொல்ல, கதை கூழாக இருக்கிறது என்கிறானோ என்று கோபம் வந்தது. விஷயம் வேறு. அமெரிக்காவில் 'ஆர்கோசி' பத்திரிகை 1896இல் மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்கு மாறியது. அதே வழியில் வந்த பத்திரிகைகளுக்குத் தாளின் பெயரே ஒட்டிக்கொண்டது. மட்டம் தாள்தான், கதை இல்லை. மகனிடம் இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தமிழில் மாங்கூழ், காகிதக்கூழ், பற்கூழ் மூன்றும் உண்டு. கூழ் நாவல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நல்லவேளை.

காவேரிப்பட்டணத்தான்:
பற்கூழா! சரிதான். அதை எடுத்த அன்று, ரெண்டு நாளைக்குக் கடித்துத் தின்கிற எதுவும் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் ரெண்டு நாளும் கேழ்வரகுக் கூழ்.