பொதுப்பணத் துருவாய்வு: ஒரு சொற்பரிந்துரை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அரசு தன் பணத்தை ஓர் இரயில் கம்பெனியில் போட்ட பிறகு, அந்தப் பணம் யார் கைக்குப் போயிற்று என்று மக்களவை கம்பெனிக்காரர்களையே அழைத்துக் கேட்கும் செயலுக்கு ‘அவைத் தணிக்கை’ என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரவும் செலவும் பற்றுச்சீட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது தணிக்கை. பற்றுச்சீட்டை எழுதியவர் யார், எழுதவைத்தவர் யார் என்ற கேள்வி அதற்கு அப்பாற்பட்டது.

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் கம்பெனியைப் பாருங்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அதற்கு நிலத்தின் தன்மைக்கேற்ப மைலுக்கு 16,000, 32,000 அல்லது 48,000 டாலர் என்று கடன்பத்திரங்களை வழங்கியது. 1864இல் வந்த சட்டமோ, கம்பெனி தானே வெளியிடும் பத்திரங்களுக்கு முதல் அடமான உரிமையை, அதாவது கடன் திரும்பாவிட்டால் சொத்திலிருந்து முதலில் பணம் பெறும் உரிமையை, கொடுத்து அரசின் உரிமையைப் பின்னுக்குத் தள்ளியது. பாதை போடும் ஒப்பந்தங்கள் கிரெடி மொபிலியே என்ற நிறுவனத்துக்குப் போயின. அதன் முக்கியப் பங்குதாரர்களே யூனியன் பசிபிக்கையும் நடத்தினார்கள். ஒரு கை பில் போட்டது, மறு கை பணம் கொடுத்தது. அந்தப் பில்களில் கூட்டல் சரியாகவே இருந்திருக்கும்.

1872இல் நியூயார்க் நாளேடு ஒன்று விவரங்களை வெளியிட்ட பிறகுதான் பிரதிநிதிகள் அவை விசாரணைக் குழுக்களை அமைத்தது. அவை உறுப்பினர் ஓக்ஸ் ஏம்ஸ், சக உறுப்பினர்களில் யாருக்கு எத்தனை கிரெடி மொபிலியே பங்கு என்று குறித்துவைத்திருந்த சிறு குறிப்பேடு குழுவின்முன் சான்றாக வந்தது. இன்னொரு உறுப்பினரான ஜேம்ஸ் புரூக்ஸ் அரசின் சார்பில் அந்த இரயில் கம்பெனியின் இயக்குநராகவும் இருந்தவர். அத்தகைய இயக்குநர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அவருக்கான கிரெடி மொபிலியே பங்குகள் மருமகன் பெயரில் இருந்ததைக் குழு கண்டது. 1873 பிப்ரவரியில் அவை இருவரையும் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மருமகன் பெயரில் இருக்கும் பங்கு எந்தப் பேரேட்டில் பிழையாகத் தெரியும்? இரயில்பாதைக் கணக்குகளுக்கென்று தனித் தணிக்கையரை அமெரிக்க அரசு 1878இல்தான் நியமித்தது. அங்கே அவையின் விசாரணையும் தணிக்கையும் இரு வேறு வேலைகளாகவே நடந்திருக்க, நாம் ஒரே சொல்லில் ஏன் அடைக்க வேண்டும்?

மற்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘மேற்பார்வை’ வேலை நடக்கும்போது கூடவே நிற்பதைக் குறிக்கும். ‘சீராய்வு’ நீதிமன்ற மனுவுக்கென்று நிலைத்துவிட்டது. ‘கூராய்வு’ காதில் விழுந்தவுடன் பிணவறைதான் நினைவுக்கு வருகிறது. துருவித் துருவிக் கேட்பது என்று நாம் அன்றாடம் பேசுவதிலிருந்தே எடுத்து, ‘பொதுப்பணத் துருவாய்வு’ என்று பரிந்துரைக்கிறேன். ‘குழு கம்பெனியின் ஒப்பந்தங்களைத் துருவி ஆய்ந்தது’ என்று வினையாகவும் இயல்பாக வரும்.

இதில் ஒரு குறை உண்டு. துரு, ஆய்வு என்று பிரித்துப் படிப்பவருக்குத் தண்டவாளத் துருவைச் சோதிப்பதாகத் தோன்றலாம். இரயில் பற்றிய கட்டுரையில் இந்தக் குழப்பம் கூடுதலாகவே நேரும். எனவே தலைப்பிலும் முதல் முறை வரும் இடத்திலும் ‘பொதுப்பண’ என்ற அடையை விடாமல் எழுதி, பிறகு ‘துருவாய்வுக் குழு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். இந்தக் குறை இல்லாத சொல் கிடைக்குமானால், என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மனப்பூர்வமாக இசைகிறேன்.