புதுப்பிப்பு: அட்டன் போன அக்கா மகன் வந்துவிட்டான்

களியக்காவிளையிலிருக்கும் என் அக்கா மகன், பதினாறு வயது, சபை வாலிபரோடு இலங்கைக்கு ஊழியப் பயணம் போகிறான், அது ஊழியமா சுற்றுலாவா என்று கேட்டு முன்பு எழுதியிருந்தேன்.

அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். ஒரு பாட்டி ஜெபிக்கச் சொன்னதும் இவனுக்கு நாக்கு எழவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் போச்சு. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்கி நடுவில் திணற, பாட்டிதான் முடித்தாராம். அப்புறம் ஊர் பேர் கேட்டு, அவனுக்காகவும் ஜெபித்திருக்கிறார். பிரஷ்யாவில் பிறந்து, 1806-ல் குமரி மாவட்ட மயிலாடிக்கு ஊழியம் செய்ய வந்த மிஷனரி ரிங்கல்தௌபே கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த பையன், இதை எதிர்பார்க்கவில்லை.

இப்போது குடும்ப ஜெபத்தில் அவன் ஜெபம் சுருக்கம். அந்தப் பாட்டி பெயர் மட்டும் தவறாது. போனை அணைக்கிறான். கணக்கு மதிப்பெண்தான் அப்படியே இருக்கிறது.