ஏலியன்: ஐசொலேஷன், 5ஆம் மிஷன்: குனிஞ்சே போனாலும் நேரா எங்கிட்ட வருது

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம்ங்க. ஏலியன் கண்ணுல படாம ஒளிஞ்சு போற இந்த கேமை பிஎஸ்4-ல (பிளேஸ்டேஷன் 4) ஆடறேன். சான் கிறிஸ்டோபல் ஆஸ்பத்திரிப் பகுதியில மாட்டி நாலு நாளாச்சு. ஓடறதே இல்ல. மேஜைக்கு அடியில அசையாம உக்காந்திருப்பேன், தூரத்துல போயிட்டிருக்கற ஏலியன் திரும்பி நேரா அந்த மேஜைக்கே வருது. லாக்கர்ல ஒளிஞ்சாலும் கதவைப் பிச்சு இழுத்துடுது. 2014-ல வந்த கேம், எத்தன பேரு முடிச்சிருக்காங்க. என் டிஸ்க்ல கோளாறா?
ஒண்ணு கவனிச்சேன். சாயங்காலம் ஆடினா அஞ்சு நிமிசம் தாங்கறதில்ல. ராத்திரி 1 மணிக்கு மேல கொஞ்சம் பிழைக்கறேன்.

பொள்ளாச்சி வாசகன்:
டிராக்கரை, அதான் கேம்ல ஏலியன் நகர்றதைக் காட்டற கருவி, கையில வச்சிருக்கீங்களா? அதோட பீப் சத்தம் பக்கத்துல இருந்தா அதுக்குக் கேக்கும். எடுத்துப் பாத்துட்டு உடனே கீழ இறக்கிடுங்க. லாக்கர்ல அது கிட்ட வந்தா பின்னாடி சாஞ்சு மூச்சடக்கணும். ரொம்ப நேரம் அடக்கினா கேம்ல உங்க ஆளோட உடம்பு பலம் குறையும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டிராக்கரை எடுக்கறதே இல்லைங்க அண்ணா.

குப்பம் ராத்திரி ஆட்டம்:
ஒரே லாக்கரை நம்பாதீங்க. கேம்ல ரெண்டு மூளை இருக்கு. ஒண்ணுக்கு நீங்க இருக்கற இடம் எப்பவும் தெரியும், ஆனா ஏலியன்கிட்ட சரியான இடத்தைச் சொல்லாது, அந்தப் பக்கமாப் போன்னு மட்டும் தள்ளிவிடும். மிச்சத்தை ஏலியன் கண்ணாலயும் காதாலயும் தேடணும். அது ரொம்ப நேரம் உங்களைச் சுத்திட்டா, அந்த முதல் மூளையே அதை வென்ட்டுக்குள்ள (மேல இருக்கற காத்துக் குழாய்) அனுப்பிடும். அதனால நேரா மேஜைக்கே வருதுன்னா ஏதோ சத்தம் கேட்டிருக்கு. மேல வென்ட்ல இருந்து எச்சில் ஒழுகற இடத்துக்கு அடியில மட்டும் போயிடாதீங்க, அங்க காத்திட்டிருக்கும்.

மீனாட்சிபுரம்:
தம்பி, டிவி மேல பிளேஸ்டேஷன் கேமரா இருக்கா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இருக்குங்க. மாமா வாங்கிக் கொடுத்தது, எடுக்கறதே இல்ல.

மீனாட்சிபுரம்:
அதுல மைக் இருக்கு தம்பி. இந்த கேம்ல சத்தம் கண்டுபிடிக்கற வசதி ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா உங்க வீட்டுச் சத்தமும் ஏலியனுக்குக் கேக்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன்ல கினெக்ட்ங்கற கேமராவோட மைக் வழியா இதே கதை. ஆப்ஷன்ஸ்ல போயி ஆஃப் பண்ணுங்க. உங்க வீடு ரோட்டு மேலயா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வேலந்தாவளம் ரோட்டு மேலதாங்க! சாயங்காலம் லாரி ஒண்ணு மாத்தி ஒண்ணு போகும். அந்த நேரம் பாத்து அம்மா குக்கர் வைப்பாங்க. நேத்து மூணாவது விசில் வந்தப்பத்தான் மேஜைக்கு அடியில இருந்து இழுத்துச்சு, இப்ப நினைச்சா மேலெல்லாம் சிலிர்க்குது. போயி பாத்துட்டு வர்றேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணா, அது ஆன்லதான் இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டு ஏழரை மணிக்கே ஆடினேன். மேஜைக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு, வால் தரையில உரசிட்டே தாண்டிப் போயிடுச்சு. சேவ் பண்ற பெட்டி வரைக்கும் போயி கார்டைச் சொருகிட்டேன், மூணு விளக்கும் எரியற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நன்றிங்க.

மீனாட்சிபுரம்:
முழுசா முடிச்சதும் ஒருநாள் அதை மறுபடி ஆன் பண்ணி, லாரி ஓஞ்ச பிறகு ஆடிப் பாருங்க தம்பி. நானே தும்மலை அடக்கிட்டு ஆடியிருக்கேன். அந்தப் பயம் வேற எந்த கேம்லயும் எனக்கு வந்ததில்ல.