வீட்டில் உங்களிடம் மன்னிப்பு கேட்டிருக்கிறார்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாசரேத் பொண்ணு:
அப்பா எங்கள் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டியில் இருந்தவர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அத்தை, சித்தப்பா எல்லாரும் இருக்கும்போதே “இது எதுக்கும் உதவாது” என்று என்னைச் சொல்லிவிட்டார். ராத்திரி குடும்ப ஜெபம், எல்லாரும் முழங்காலில். “ஆண்டவரே, இன்று என் நாவினால் செய்த பாவத்தை மன்னியும்” என்றார். ஆமென் சொன்னார், எழுந்தார், சாப்பிடப் போய்விட்டார். அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நான் இருந்தேன், கோரைப்பாயின் தடம் முட்டியில் பதிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரிடம் கேட்டவர் என்னிடம் ஏன் கேட்கவில்லை?

பாளை மருமகள்:
தங்கச்சி, உன் காதில் விழும்படி ஜெபித்தாரே, அந்தத் தலைமுறை அப்பாக்களுக்கு அதுவே பெரிய விஷயம். என் கதை வேறு. வளையல் காணோம், நான் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன் என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படிக்கு வந்து, என் கையிலிருந்த தேங்காய் மூடியை வாங்கித் தானே துருவ ஆரம்பித்தார்கள். “தப்பாப் பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காத. நாளைக்குச் சர்ச்சுல ராப்போஜன அப்பம் வாங்க உன் பக்கத்துல எப்படி முழங்கால் போடுவேன்?” இன்றைக்கும் தேங்காய் துருவும்போது நினைப்பு வரும்.

மணப்பாடு:
அக்கா, உங்கள் அத்தை வாயைத் திறந்து உங்களிடமே கேட்டார்களே, அந்தப் பெண்ணும் அதைத்தானே சொல்கிறது! நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். பூசை ஆரம்பத்திலேயே இறைவனிடமும், சகோதர சகோதரிகளே உங்களிடமும் என்று சேர்த்துத்தான் பாவத்தை அறிக்கையிடுகிறோம். மத்தேயு 5:23, 24 பாருங்கள், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, சமாதானமாகு என்கிறார் இயேசு. அவர் அதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடமோ எருசலேமில், நடந்தால் பல நாள் வழி. அவ்வளவு தூரம் வந்தவனைத்தான் திரும்பிப் போகச் சொல்கிறார். பக்கத்தில் முழங்காலில் இருக்கிற மகளிடம் திரும்ப எவ்வளவு நேரமாகும்?

என் அண்ணன் நிலப் பாகத்தில் செய்த அநியாயத்துக்கு அம்மா அடக்கத்தன்று என் கையைப் பிடித்து அழுதான், ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பைபிளில் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு அப்படிச் செய்யவில்லை, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19).

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு அந்த நாலு பேர் முன்னாலேயே மன்னிப்பு கேளுங்கள். “உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா” என்று இழுக்காதீர்கள், நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். “ஆனா நீயும்...” என்று ஆரம்பித்தால் கேட்டதெல்லாம் வீண். கேட்ட உடனே “மன்னிச்சிட்டேன்னு சொல்லு” என்று பிள்ளையை நெருக்கவும் கூடாது. அப்புறம், வாராவாரம் அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அழுகிற புருஷன் கதை வேறு. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் வசனம் காட்டாதீர்கள், அந்தப் பெண் முதலில் பத்திரமாக இருக்கட்டும்.

நாசரேத் பொண்ணு:
பாளை அக்கா, தலைமுறை என்கிறீர்கள். கமிட்டியில் வார்த்தை தடித்துப் போனதற்கு மறுநாள் காலையிலேயே சர்ச் போதகர் ஐயர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டவர் எங்கள் அப்பா. கேட்கத் தெரியாதவர் இல்லை, அக்கா.