சாரம் கட்டும் வேலைக்கு ஜுபைல் கூப்பிடுகிறார்கள், ஏஜெண்ட் 1,20,000 கேட்கிறார், போகலாமா?

பெரம்பலூர் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு 23 வயது, ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டேன். 3 வருடமாக ஒரு பெயிண்டிங் மேஸ்திரியிடம் இருக்கிறேன். சவுக்குக் கம்பு நட்டு கயிறு கட்டி சாரம் போடுவது பெரும்பாலும் என் வேலைதான், மூன்று மாடி வரை கட்டியிருக்கிறேன். இப்போது சவுதி ஜுபைலில் ஸ்கேஃபோல்டிங் ஹெல்பர் வேலை இருக்கிறது, 1,20,000 கொடுத்தால் ஒரு மாதத்தில் விசா என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. இரும்பு பைப் வேலை நான் தொட்டதே இல்லை. அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியுமா, இங்கேயே எங்காவது கற்றுக்கொண்டு போவது நல்லதா? இன்னொன்று, மேலே நிற்கும்போது சில நாள் கால் நடுங்குகிறது. இந்த வேலைக்கு நான் ஒத்து வருவேனா?

ஸ்பேனர்21:

தம்பி, நான் சவுதியில் ஜுபைலிலும் யான்புவிலும் சேர்த்து 11 வருடம் இதே வேலை பார்த்தவன், ஹெல்பராகப் போய் ஃபோர்மேனாகத் திரும்பினேன். கால் நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படாதே, நடுங்குகிற ஆள் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மறக்காமல் மாட்டுவான். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் பயமே இல்லை என்று சொன்னவர்களைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் ஆறு மாதம் உன்னை மேலே ஏற்றவே மாட்டார்கள், பைப் சுமக்கத்தான் விடுவார்கள். 48.3 மில்லிமீட்டர் பைப், 4 மில்லி தடிமன், 6 மீட்டர் நீளம் என்றால் ஒன்று 26 கிலோ வரும். ஒரு நாளில் எத்தனை தூக்குகிறோம் என்று எண்ணவே முடியாது. ஜூலையில் வெயிலில் கிடந்த பைப்பைக் கையுறை இல்லாமல் தொட்டால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். ஜூன் 15-இலிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே காலை பத்து மணியே நம் ஊர் மே மாத மதியம் மாதிரிதான் இருக்கும்.

அந்த ஆறு மாதத்தை வீணாக்காதே, கீழே நின்று பார். பைப்பையும் பைப்பையும் இணைக்கிற கிளாம்பில் ஃபிக்ஸ், ஸ்வைவல் என்று இரண்டு இருக்கும். லெட்ஜர், அதாவது படுக்கையாகப் போகும் பைப்பைத் தாங்குவது ஃபிக்ஸ்தான், ஸ்வைவல் குறுக்கே சாய்த்துப் போடும் பிரேசிங்குக்கு. புதுசாக வருகிறவர்கள் கையில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிவிட்டுப் போவார்கள், கீழே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதல் தட்டை ரசமட்டம் வைத்துச் சரியாக உட்கார வைத்தால் மேலே போகப் போக வேலை லேசாக இருக்கும், அடியில் ஒரு நூல் சாய்ந்தால் மேலே ஒரு கை சாயும். இது உனக்குச் சவுக்குச் சாரத்திலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் இந்தி. பைப்பைக் கை மாற்றும்போது மேலே நிற்பவன் பிகார்க்காரனாகவோ நேபாளியாகவோ இருப்பான். 'பக்கடோ' (பிடி), 'சோடோ' (விடு), 'ருக்கோ' (நில்), இந்த மூன்றும் தூக்கத்திலும் வர வேண்டும். அவன் பிடித்துவிட்டேன் என்று வாயால் சொல்லாமல் நீ கையை விடாதே.

கட்டுவதைவிடப் பிரிக்கும்போதுதான் ஆபத்து அதிகம். இரண்டாவது வருடம் நான் இருந்த கம்பெனியில், சீக்கிரம் முடிக்கலாம் என்று யாரோ கட்டடத்தோடு பிணைத்திருந்த டை பைப்புகளைக் கீழ்த்தட்டிலிருந்தே கழற்றிவிட்டார்கள். மேலே நான்கு பேர் நின்றோம், சாரம் மொத்தமும் ஒரு முறை வெளியே போய் வந்தது. பக்கத்தில் நின்ற திருவாரூர் பையனுக்குக் கால் முறிந்தது, நான் லேன்யார்டில், அதாவது பெல்ட்டோடு சேர்ந்த கொக்கிக் கயிற்றில் தொங்கினேன். மேலே இருந்து ஒவ்வொரு தட்டாக இறங்கி வரும்போதுதான் அந்தத் தட்டின் டையைக் கழற்ற வேண்டும், மேஸ்திரி திட்டினாலும் சரி.

ஒரகடம் சேஃப்டி:

தம்பி, பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் பத்தாவது முடிக்கவில்லை என்றால் உங்கள் பாஸ்போர்ட் இசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகை. சவுதி போக மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும், பதிவு பெற்ற ஏஜெண்ட் வழியாகப் போனால் அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். 1,20,000 கேட்கிறார் என்றாலே நகையை எடுக்க வேண்டாம். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், அதே தளத்தில் போட்டுப் பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது, அங்கேயும் ஒரு முறை விசாரியுங்கள்.

முதலில் இங்கே ஒரு வருடம் பெரிய சைட்டில் வேலை பார்த்துவிட்டுப் போவதுதான் என் யோசனை. கட்டுமானத் திறன் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் ஸ்கேஃபோல்டருக்குத் தனிச் சான்றிதழ் உண்டு, பழைய பைப்-கிளாம்பு முறைக்கு ஒன்று, கப்லாக் மாதிரி, ஆயத்தப் பாகங்களைப் பூட்டிக் கட்டும் சிஸ்டம் சாரத்துக்கு ஒன்று. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை கட்டும் சைட்டுகளில் சாரம் கான்ட்ராக்டர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே பதியுங்கள்.

பெரம்பலூர் தம்பி:

ரொம்ப நன்றி அண்ணா. ஏஜெண்டிடம் பதிவு எண் கேட்டேன், ஆபீஸுக்கு வா பேசலாம் என்கிறார், எண்ணைச் சொல்லவில்லை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரகடம் பக்கம் போகலாம் என்று முடிவு. அங்கே போனால் சொந்தமாக என்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஸ்பேனர்21:

பெல்ட்டும் ஹெல்மெட்டும் கான்ட்ராக்டர்தான் கொடுக்க வேண்டும், அதற்குக் காசு பிடித்தால் அங்கே சேராதே. அவரிடம் இரண்டு கொக்கி உள்ள லேன்யார்டாகக் கேட்டு வாங்கிக்கொள், ஒன்றைக் கழற்றும் முன் மற்றொன்றை மாட்ட வேண்டும். தையல் பிரிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வாங்க வேண்டியது உன் கைக்கு அடங்குகிற ஒரு நல்ல ஸ்பேனர், அதை இடுப்போடு கட்ட ஒரு கயிறு. மேலே இருந்து கை தவறி விழுந்த ஸ்பேனர் கீழே நிற்பவன் தலையில்தான் விழும். சேர்ந்த பிறகு எந்த கான்ட்ராக்டர், எந்த வகைச் சாரம் என்று இங்கே எழுது, மற்றதைச் சொல்கிறேன்.